பொதுத் தோட்டத்துக்கு நிதி எங்கே கேட்கலாம்? உப்புவெளி, 40 பேர்ச் காணி, 24 குடும்பம்

உப்புவெளிச் செயலாளர்
திங்கள், காலை 9.10

வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளர். எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் காணி பற்றை மண்டிக் கிடக்கிறது. பழைய கட்டுக்கிணறு ஒன்றும் உண்டு. அதைத் துப்புரவாக்கி 24 குடும்பங்கள் சேர்ந்து மரக்கறித் தோட்டம் போடுவதென்று போன கூட்டத்தில் முடிவெடுத்தோம். 2022 பொருளாதார நெருக்கடியில் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் வளவில் நாலு கத்தரியும் ஒரு முருங்கையும் நின்ற வீடுகள்தான் ஓரளவு கறியோடு சோறு தின்றன.

பிரச்சினை காசு. கூகுளில் தோட்டத்துக்கு மானியம் என்று தேடினால் நூறு வருகிறது. திறந்து பார்த்தால் எல்லாம் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. ஒரு படிவத்தை அரைவாசி நிரப்பிய பிறகுதான் அந்த நாட்டு வரி விலக்குப் பதிவு கேட்டது. இரண்டு இரவு வீண்.

எங்கள் மதிப்பீடு 24 இலட்சம். யாரிடம் கேட்கலாம்? தமிழில் எழுதலாமா, இங்கிலீஷ் கட்டாயமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கச்சான்காற்று
திங்கள், காலை 9.31

40 பேர்ச்சில் 24 இலட்சமா? என்ன நடப்போகிறீர்கள், குங்குமப்பூவா? கணக்கைப் போடுங்கள், பார்ப்போம்.

உப்புவெளிச் செயலாளர்
திங்கள், காலை 10.02

சிரிக்க வேண்டாம் அண்ணா. களஞ்சிய அறை 11 இலட்சம். வேலி 4 இலட்சம். தாங்கி, மோட்டர், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் சேர்த்து 3 இலட்சம். கணினியும் ப்ரொஜெக்டரும் 280,000. பயிற்சிப் பட்டறை 150,000. திறப்பு விழா 75,000. மிச்சம் மண்வெட்டி, விதை, எரு. முன்பு வேறொரு திட்டத்துக்கு யாரோ கொடுத்த மாதிரிப் படிவத்தைப் பார்த்துத்தான் போட்டோம்.

கச்சான்காற்று
திங்கள், காலை 10.08

விதை, எரு, மண்வெட்டிக்கு 95,000. திறப்பு விழாவுக்கு 75,000. இது தோட்டமா, கலியாண வீடா?

படிவக்காரி
திங்கள், பிற்பகல் 1.45

தங்கச்சி, கச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சொல்லும் விதம்தான் எப்போதும் போல. நான் திருகோணமலையில் 11 வருடம் தொண்டு நிறுவனங்களுக்குத் திட்ட முன்மொழிவு எழுதிப் பிழைத்தவள். ஒப்பமாகி வந்ததும் உண்டு, குப்பைக்குப் போனது அதைவிட அதிகம்.

முதலில், தோட்டத்துக்கு நிதி என்று தேடுவதை விடுங்கள். இங்கே காசு தருபவர்களிடம் தோட்டம் என்று எழுதிய பெட்டி அநேகமாக இருக்காது. அவர்களுடைய பெட்டிகளின் பெயர் காலநிலை மாற்றம், மண்வளம், பெண்களின் வருமானம், பிள்ளைகளின் போசாக்கு. உங்கள் தோட்டம் எந்தப் பெட்டிக்குள் நியாயமாகப் போகும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பொய் எழுதச் சொல்லவில்லை. 24 பேரில் எத்தனை பேர் தனியாகக் குடும்பம் நடத்துகிறார்கள், எத்தனை வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கிணறு எந்த மாதம் உவர்க்கிறது? இவை உங்களுக்குத் தெரியும், கொழும்பில் இருந்து படிவம் வாசிப்பவருக்குத் தெரியாது. அதை எழுதினால் போதும்.

இனி வாசல்கள். ஐ.நா.வின் அபிவிருத்தி அமைப்பான யூஎன்டிபி நடத்தும் சிறு மானியத் திட்டம் ஒன்று. காசு உலகச் சுற்றாடல் வசதி என்ற நிதியத்தினுடையது. உலகத்தில் 1992இல் தொடங்கி இலங்கைக்கு 1994இல் வந்தது. அரசாங்கத்தின் கையில் கொடுக்காமல் ஊர்ச் சங்கங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நேரே கொடுப்பதுதான் அதன் விசேஷம். நான் எழுதிய காலத்தில் ஒரு திட்டத்துக்கு உச்சம் 50,000 டொலர். அதைக் கண்டு ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் நாட்டில் சில நிலப்பரப்புகளைத் தெரிவு செய்துதான் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் எங்கள் கரை உள்ளே வருகிறதா என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். அந்த அழைப்பை எடுக்காமல் நான் ஒருமுறை மூன்று கிழமை வேலையைக் குப்பையில் போட்டேன்.

அடுத்தது தூதரகங்கள். அவுஸ்திரேலிய உயர் ஸ்தானிகராலயத்துக்கு நேரடி உதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிறிய அமைப்புகளுக்குப் பழகியவர்கள், கேள்விகளும் நேரடியானவை. கனடாவுக்கு உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதி. இதற்கு இங்கிலீஷ் அல்லது பிரெஞ்சில்தான் எழுத வேண்டும், தமிழ் எடுபடாது. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் பெரியது, ஆனால் அது கட்டடம், கிணறு, இயந்திரம் போன்றவற்றுக்கு. விதை, எரு, கூலி என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள். உங்கள் அளவுக்கு அது தேவையில்லை.

கனடாக் காசில் ஒரு விஷயம் கவனியுங்கள். அவர்களுடைய நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்கு முன் செலவழித்துக் கணக்கும் ஒப்படைக்க வேண்டும். ஒப்பந்தம் ஓகஸ்ட், செப்டெம்பரில் வந்தால் மாரிக்கு முன் வேலி போட்டு மழையோடு நட்டுவிடலாம். நவம்பரில் வந்தால் வெள்ளத்துக்குள் நின்று வேலித்தூண் நடுவீர்கள். எனக்கு நடந்திருக்கிறது.

லண்டன் தோட்டக்காரன்
திங்கள், இரவு 8.20

நான் பிறந்தது சாம்பல்தீவு, இப்போது லண்டனில். இங்கே எனக்கு நகரசபையின் தோட்டத் துண்டு ஒன்று இருக்கிறது. வருட வாடகை கட்டி ஆளுக்கொரு துண்டு வைத்துப் பயிர் செய்வோம். இங்கே நாங்கள் சேர்ந்து தண்ணீர்த் தொட்டி வைக்கத் தேசிய லொத்தர் நிதியில் எடுத்தோம். 300 பவுணில் இருந்து 20,000 பவுண் வரை தருவார்கள், படிவமும் சுலபம். ஆனால் பிரித்தானியாவுக்குள் உள்ள குழுக்களுக்கு மட்டும். ஆகவே அக்கா, அதைத் தேடி இன்னொரு இரவை வீணாக்க வேண்டாம்.

என் ஊர்க்காரர் ஏழெட்டுப் பேர் இங்கே இருக்கிறோம். வேலிக்காசை நாங்கள் போட்டால் என்ன?

கச்சான்காற்று
திங்கள், இரவு 8.41

போடுங்கள் தம்பி. போட்டுவிட்டு அடுத்த வருடம் வந்து, என் பெயர் எழுதிய பலகை எங்கே என்று கேட்காதீர்கள்.

கிண்ணியாக்காரன்
செவ்வாய், காலை 7.05

நாங்கள் இதே வேலையைச் செய்து மண்ணைக் கவ்வியவர்கள், அதனால் எழுதுகிறேன். நாலு வருடத்துக்கு முன் ஒரு அமைப்பின் உதவியோடு 30 பேர் சேர்ந்து தொடங்கினோம். முதலில் வந்தது பெயர்ப்பலகை. பிறகு தொப்பி, டீசேர்ட். பிறகு பயிற்சி, அதற்குச் சோற்றுப் பார்சல். விதை வந்தது, நட்டோம், நன்றாக முளைத்தது. வேலிக்குரிய காசு இரண்டாம் தவணையில் என்றார்கள். இரண்டாம் தவணைக்கு முன் ஊர் மாடு வந்துவிட்டது. ஒரே இரவு. காலையில் தாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒருத்தி வரம்பில் உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்கவில்லை. அமைப்புக்காரர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அறிக்கையில் இயற்கைப் பாதிப்பு என்று எழுதினார்களாம். மாடு இயற்கைதானே.

ஆகவே காசு யார் தந்தாலும் முதல் தவணையில் வேலி. இதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கோட்டையடி
செவ்வாய், காலை 7.48

உங்களுக்கு மாடு. எங்களுக்கு மான். திருகோணமலைக் கோட்டைக்குள்ளும் பஸ் நிலையத்தடியிலும் நிற்கும் புள்ளிமான்களைப் படம் எடுக்க வெளியூர்க்காரர் வருகிறார்கள். என் பொன்னாங்காணிப் பாத்தியைப் படம் எடுக்க ஒருவரும் வரவில்லை, அது இப்போது இல்லை. நாலடி வேலியை அது குதிக்கும். ஆறடி வேண்டும். உப்புவெளியில் மான் இல்லையென்றால் அதிர்ஷ்டம்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
செவ்வாய், முற்பகல் 11.30

பிள்ளை, காசைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. உப்புவெளி கடற்கரை மணல். மழையில் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை விழும். அதன் பிறகு கிணறு மெல்ல மெல்ல உவர்க்கும். ஜூன், ஜூலை, ஓகஸ்ட்டில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல் சட்டி போலக் கொதிக்கும். அந்த மாதங்களில் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதியுங்கள். இப்போது எடுத்துச் சோதித்துவிட்டு நல்லது என்று எழுதினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள்.

உவர் கொஞ்சம் இருந்தாலும் பயற்றை தாங்கும். போஞ்சியும் வெங்காயமும் தாங்காது. கத்தரி, மிளகாய் நடுவில். மாரிக்கு ஒரு பயிர்த் திட்டம், கோடைக்கு வேறொன்று என்று பிரித்து எழுதுங்கள். கோடையில் முழுக் காணியையும் நட வேண்டாம், நிழல்வலைக்குக் கீழே கீரை போதும். படிவம் வாசிப்பவருக்கு இது தெரிந்தால், இவர்கள் மண்ணில் நின்று எழுதியிருக்கிறார்கள் என்று விளங்கும்.

இன்னொன்று. நீங்கள் காசைத்தான் தேடுகிறீர்கள், பொருளைத் தேடவில்லை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் போய்ப் பாருங்கள். அவர்களிடம் காசு இருக்காது. ஆனால் வருடத்தில் சில தடவை விதைப் பொதி, நாற்று, கூட்டெருப் பயிற்சி, சில நேரம் மானிய விலையில் தெளிகருவி என்று வரும். வரும்போது யாருடைய பெயர் பட்டியலில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் போகும். கமநல சேவை நிலையத்திலும் முகத்தைக் காட்டி வையுங்கள். பிரதேச செயலகத்தில் உங்கள் சங்கத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கு, பிரதேசத்துக்கு ஒதுக்கிய அபிவிருத்தி நிதியில் என்ன மிச்சம் என்று தெரியும். வருடக் கடைசியில் செலவாகாத சில்லறை எப்போதும் இருக்கும். தாங்கி, மோட்டர் எல்லாம் அந்தச் சில்லறையில் வந்த சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேதனப் பசளை (இயற்கை உரம்) என்ற சொல்லை அளவாகப் பாவியுங்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்து, நவம்பரில் விலக்கினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே கமக்காரருக்குக் காது கூசுகிறது. உங்கள் தோட்டம் சிறியது, மாட்டெருவும் கிளிசரியா இலையும் போதும். அதை அப்படியே எழுதுங்கள்.

கச்சான்காற்று
செவ்வாய், நண்பகல் 12.10

சேர் ஒரு கதையை விட்டுவிட்டார். 2022 ஜூனில் வெள்ளிக்கிழமை தோறும் அரசாங்க ஊழியருக்குத் தோட்டம் செய்ய லீவு கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளியும் விடாமல் லீவு எடுத்தார். விளைந்தது ஒரு பூசணி.

படிவக்காரி
செவ்வாய், நண்பகல் 12.25

கச்சான், நீங்கள் பெண் என்று இன்றைக்குத்தான் தெரியும்!

கணக்கப்பிள்ளை
செவ்வாய், மாலை 6.15

எல்லாம் சரி. காணி யாருடையது?

உப்புவெளிச் செயலாளர்
செவ்வாய், இரவு 7.02

பொதுக் காணி. மண்டபத்தோடு சேர்ந்தது. உள்ளூராட்சி சபையினுடையது என்று தலைவி சொல்கிறார். எங்கள் கையில் கடிதம் ஒன்றும் இல்லை. 20 வருடமாக யாரும் கேட்கவும் இல்லை.

கணக்கப்பிள்ளை
செவ்வாய், இரவு 7.40

பற்றையாக இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். பச்சையாக வந்தவுடன் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் தன் பாட்டனாரின் உறுதி என்பார், ஒருவர் விளையாட்டு மைதானத்துக்கு ஒதுக்கியது என்பார், மூன்றாமவர் எல்லைக்கல் நடுவார். திருகோணமலையில் காணிக் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் கணக்காய்வு செய்பவன், எழுதுவதில்லை. ஆனால் நிராகரிக்கப்பட்ட கோவைகளைப் பார்த்திருக்கிறேன். அநேகமானவற்றில் குறை எழுத்தில் இல்லை, இணைப்பில் இருக்கும். கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கள், அந்தத் துண்டு அரச காணியா, சபையின் காணியா என்று. சபையினுடையது என்றால் குறைந்தது ஐந்து வருடத்துக்குப் பயன்படுத்தச் சங்கத்துக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். அரச காணி என்றால் பிரதேச செயலாளர் ஊடாக. கடிதத்தில் காணியின் எல்லை நாலும், அளவும், கிணறும் வர வேண்டும். கிணற்றை விட்டுவிட்டு எழுதிய கடிதம் ஒன்றை எனக்குத் தெரியும். தோட்டம் சங்கத்துக்கு, கிணறு இன்னொருவருக்கு. ஒரு வருடம் சண்டை.

அப்புறம் பதிவு. மாதர் சங்கம் என்றால் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களப் பதிவு இருக்கும், புதுப்பித்திருக்கிறீர்களா? உள்ளூர் உதவிகளுக்கு அது போதும். வெளிநாட்டுக் காசு தருபவர் சிலர் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிந்திருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லையென்றால் அப்படிப் பதிந்த ஓர் அமைப்பின் கூரைக்குக் கீழே போகலாம். போவதற்கு முன், அவர்கள் நிர்வாகச் செலவுக்கு எத்தனை வீதம் எடுப்பார்கள், எந்தத் திகதியில் உங்கள் கணக்குக்குக் காசு வரும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

உப்புவெளிச் செயலாளர்
செவ்வாய், இரவு 8.15

பதிவு போன வருடம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை. இந்த இழையைத் தொடங்கும்போது எனக்கு ஒரு வேலை இருந்தது, இப்போது ஏழு.

லண்டன் தோட்டக்காரன்
புதன், அதிகாலை 1.30

நான் மாசியில் ஊருக்கு வருகிறேன். இங்கே நல்ல தக்காளி, பீட்ரூட் விதைகள் மலிவு. ஒரு கிலோ அளவில் கொண்டு வரட்டா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
புதன், காலை 6.20

வேண்டாம் தம்பி. 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டி அனுமதி எடுக்காத விதையைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள் அல்லது அழிப்பார்கள். பிடிக்காவிட்டால் அதைவிட மோசம், எந்த வைரசைக் கொண்டு வந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அதோடு, லண்டன் குளிருக்குத் தெரிவு செய்த தக்காளி உப்புவெளி வெயிலில் பூவைக் கொட்டும். உள்ளூர் விதையே போதும்.

மூதூர்த் தங்கச்சி
புதன், காலை 9.50

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி. பாத்தி பொதுவா, தனித்தனியா? எங்கள் ஊரில் எல்லாம் பொது என்று தொடங்கி, தண்ணீர் ஊற்றுவது நாலு பேர், பறிப்பது இருபது பேர் என்று முடிந்தது.

உப்புவெளிச் செயலாளர்
புதன், காலை 10.15

பொது என்றுதான் நினைத்தோம். ஒற்றுமைக்கு.

கச்சான்காற்று
புதன், காலை 10.19

ஊர் கூடினால் தேர் இழுக்கலாம். தேர் வருடத்துக்கு ஒரு நாள். கத்தரிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

லண்டன் தோட்டக்காரன்
புதன், பிற்பகல் 3.00

இங்கே எல்லாம் தனித் துண்டுதான். வழி, தண்ணீர், கருவி அறை மட்டும் பொது. துண்டைக் கவனிக்காமல் விட்டால் ஒரு கடிதம் வரும், பிறகும் விட்டால் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுமை போலத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது.

படிவக்காரி
புதன், மாலை 4.40

அதே ஆளை அதே மாதிரி உப்புவெளியில் வெளியேற்றிப் பாருங்கள், அவருடைய மச்சாள் சங்கத்தின் பொருளாளராக இருப்பார். சண்டை தோட்டத்தில் முடியாது, கோயில் திருவிழா வரை போகும்.

ஆனால் தனிப் பாத்தி என்பதை நானும் ஏற்கிறேன். 24 பாத்தி ஆளுக்கொன்று, நடுவில் ஒரு பொதுப் பாத்தி. பொதுப் பாத்தியின் விளைச்சல் பக்கத்துப் பாலர் பாடசாலைக்கு, அல்லது விற்று மோட்டருக்கும் மின்சாரத்துக்கும். இதை முதலிலேயே ஒரு பக்கத்தில் எழுதி 24 பேரும் கையெழுத்திட்டால், காசு தருபவரின் கடைசிக் கேள்விக்குப் பதில் தயார். அந்தக் கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும்: எங்கள் காசு முடிந்த பிறகு இது எப்படி நடக்கும்? அங்கேதான் பாதிப் பேர், சங்கம் தொடர்ந்து பாடுபடும் என்று எழுதுவார்கள். வாசிப்பவர் கொட்டாவி விடுவார். மின்பட்டியல் மாதம் இவ்வளவு, பொதுப் பாத்தி வருமானம் மாதம் இவ்வளவு என்று இரண்டு எண் போடுங்கள். சின்ன எண்தான், பரவாயில்லை.

கிண்ணியாக்காரன்
புதன், இரவு 9.10

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து. மானியம் எடுத்துத் தருகிறோம், பதிவுக்கு 15,000 கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் திரிகிறது. தூதரகப் படிவத்துக்குக் கட்டணம் கிடையாது, யாருக்கும் ஒரு சதமும் கட்ட வேண்டாம். எங்கள் ஊரில் இரண்டு சங்கம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறது.

கணக்கப்பிள்ளை
புதன், இரவு 9.55

இதுவும். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் காசு ஒரே நாளில் நின்றது, ஜூலையோடு அந்த நிறுவனமே மூடியாகிவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் இப்போது அதே தூதரக வாசல்களில் நிற்கிறார்கள். வரிசை நீளம். கவர்ச்சியான திட்டத்தை விட, ஒழுங்கான கணக்குப் புத்தகம் உள்ள சிறிய சங்கத்துக்குச் சந்தர்ப்பம் அதிகம் என்பது என் எண்ணம். கூட்ட அறிக்கைப் புத்தகம் இருக்கிறதா? சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து? கணக்கில் 3,000 ரூபாய்தான் இருந்தாலும் மாதாமாதம் ஏதாவது நடந்திருக்க வேண்டும். ஆறு மாதம் அசையாத கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

லண்டன் தம்பியின் காசைப் பற்றி: வாங்குங்கள். ஆனால் தனி ஆளின் கணக்குக்கு வேண்டாம், சங்கக் கணக்குக்கு வரட்டும். பற்றுச்சீட்டுக் கொடுங்கள். பிறகு பெரிய படிவத்தில், நாங்கள் ஏற்கெனவே இவ்வளவு திரட்டி இவ்வளவு செலவழித்தோம், இதோ கணக்கு என்று காட்டலாம். காசை விட அந்தக் கணக்குத்தான் பெறுமதி.

கோட்டையடி
வியாழன், காலை 8.00

ரோட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அவர்களுடைய உலக மானியம் என்றால் திட்டம் குறைந்தது 30,000 டொலர் இருக்க வேண்டும், இரண்டு நாட்டுக் கழகங்கள் சேர வேண்டும். உங்களுக்குப் பெரிது. ஆனால் கழகங்களுக்கு மாவட்ட மானியம் என்று சிறியதொன்று உண்டு. ஒரு கழகத்தைக் கூட்டி வந்து காணியைக் காட்டுங்கள். தாங்கி ஒன்று அவர்களுக்குப் பெரிய காசில்லை.

உப்புவெளிச் செயலாளர்
மூன்று கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கிராம அலுவலர் பழைய வரைபடத்தைப் பார்த்தார். காணி சபையினுடையதுதான், ஆனால் 40 பேர்ச் இல்லை, 34. மீதி ஆறு பேர்ச்சில் பக்கத்து வீட்டின் மதில் 12 வருடமாக நிற்கிறது. அந்த ஆறை விட்டுவிடுவோம் என்று கூட்டத்தில் முடிவு. இதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் சண்டை. சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், கிணற்றோடு சேர்த்து. பதில் இன்னும் இல்லை, இரண்டு தடவை போய் வந்தேன். பதிவு புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று.

களஞ்சிய அறை போய்விட்டது, மண்டபத்தில் ஒரு மூலை போதும். கணினி, ப்ரொஜெக்டர் போய்விட்டது. திறப்பு விழாவை எடுக்கத் தலைவி சம்மதிக்கவில்லை, பிறகு பால்சோறு நாங்களே காய்ச்சுவோம் என்று இறங்கி வந்தார். புதுக் கணக்கு: ஆறடி வேலி 310,000, தாங்கியும் மேடையும் 95,000, மோட்டர் 42,000, சொட்டுநீர் 140,000, நிழல்வலை 110,000, கருவியும் எருவும் 60,000. மொத்தம் 757,000. எங்கள் பங்கு, 24 பேரும் பத்து நாள் வேலை, நாளுக்கு 1,500 என்று 360,000. இரண்டு கடையில் கூறுவிலை எடுத்தேன், மூன்றாவது கடைக்காரர், வாங்காமல் கடிதம் மட்டும் கேட்டு வருகிறீர்கள் என்று ஏசினார்.

தண்ணீர்ச் சோதனைக்கு ஓகஸ்ட் வரை பொறுக்கப் போகிறோம், சேர். அவுஸ்திரேலியாப் படிவத்தை மகள் இங்கிலீஷில் தட்டச்சுச் செய்கிறாள். படிவக்காரி அக்கா ஒருமுறை பார்த்துத் தருவாரா?

படிவக்காரி
ஞாயிறு, மாலை 6.10

அனுப்புங்கள். 34 பேர்ச்சுக்கு வேலி நீளம் குறையும், 310,000 ஐத் திரும்ப அளந்து போடுங்கள். அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கச்சான்காற்று
ஞாயிறு, மாலை 6.30

ஆறு பேர்ச்சை விட்டுக்கொடுத்த சங்கமா? உங்களுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

தம்பலகாமம் வயற்காரன்
ஞாயிறு, இரவு 7.45

நான் இதுவரை எழுதவில்லை, வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் மாட்டுப் பட்டியில் ஒரு ட்ரக்டர் லோட் பழைய எரு கிடக்கிறது. சும்மா எடுங்கள், ஏற்றுக்கூலி மட்டும் உங்களுடையது.

உப்புவெளிச் செயலாளர்
ஞாயிறு, இரவு 7.52

அண்ணா, பெரிய உதவி. ஆனால் கணக்கப்பிள்ளை ஐயா கேட்பார். சும்மா தந்ததைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது?

கணக்கப்பிள்ளை
ஞாயிறு, இரவு 8.20

சந்தை விலை போட்டு, பொருளாகக் கிடைத்த நன்கொடை என்று எழுதுங்கள். அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கையெழுத்தும் திகதியும் இருந்தால் போதும்.

தம்பலகாமம் வயற்காரன்
ஞாயிறு, இரவு 8.33

கடிதம் எழுதித் தருகிறேன். மழைக்கு முன் வாருங்கள், நனைந்தால் பாரம் இரட்டிப்பு. நாலு மண்வெட்டியும் ஏற்ற ஆட்களும் கொண்டு வாருங்கள், எனக்கு இடுப்பு ஏலாது.